சகலை போட்ட பட்டை

மனைவியின் தங்கையைக் கட்டியவனுக்குச் சகலை என்று பெயர். சகலத்திலும் மூக்கை நுழைப்பான் என்று தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்தார்களோ என்னவோ. என் சகலை அடையாறில் இருக்கிறான். என்னைவிட வயதில் சின்னவன், சம்பளத்தில் பெரியவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் மந்தைவெளியில் குடியிருந்துகொண்டு, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையின் ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன். எங்கள் இருவருக்கும் பொதுவானவை இரண்டுதான். ஒன்று, மயிலாப்பூரில் தனியாக இருக்கும் மாமனார். இன்னொன்று, கார் பந்தயம்.

பந்தயம் என்றதும் ரோட்டில் ஓட்டுவது என்று நினைத்துவிட வேண்டாம். ரோட்டில் நான் ஸ்கூட்டர்தான். இது கம்ப்யூட்டரில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் அவன் வீட்டிலிருந்தும் நான் என் வீட்டிலிருந்தும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே தடத்தில் ஓட்டுவோம். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் இது. நாற்பதைத் தாண்டியும் இருவருக்கும் விடவில்லை.

என் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்றே கட்டியது. ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வாங்கினேன். சம்பந்தம் பேசுகிறவர்கள் குலம் கோத்திரம் விசாரிப்பது போல ஒவ்வொன்றையும் விசாரித்தேன். என் மனைவி அதைச் சக்களத்தி என்பாள். "சக்களத்திக்குத் தூசி தட்டியாச்சா?" என்று கேட்பாள். எனக்கு வாய்த்தது சகலை, அவளுக்கு வாய்த்தது சக்களத்தி என்று நானும் சிரித்துக்கொள்வேன்.

பல வருஷம் நன்றாகத்தான் ஓடியது. எத்தனையோ ஞாயிறு அவனைப் பின்னால் விட்டிருக்கிறேன். போன வருஷக் கடைசியிலிருந்துதான் சனி பிடித்தது. மூன்று சுற்று ஒழுங்காகப் போகும். நாலாவது சுற்றில் உள்ளே இருக்கும் ஃபேன் மிக்ஸி மாதிரி அலறும். படம் விக்கும், நிற்கும், மறுபடி விக்கும். வளைவின் நடுவில் என் கார் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க, அவன் காரின் பின்விளக்கு என் கண்ணெதிரே தூரத்தில் போய் மறையும். அப்போது காதுக்குள் அவன் குரல் கேட்கும்.

"இன்னா சகலை, வண்டிக்கு எஃப்சி முடிஞ்சிடுச்சா?"

இதையும் பொறுத்துக்கொண்டேன். தனியாகக் காதில் சொல்வதுதானே, யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் ஆடி மாதம் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பேச்சு எப்படியோ கம்ப்யூட்டருக்கு வந்தது. அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, வீடே கேட்கச் சொன்னான்.

"மாமா, இவர் கம்ப்யூட்டரைப் பாத்திருக்கீங்களா? காயலான் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான். 'நீயே வெச்சுக்கோ சார்'னு சொல்லிட்டு வண்டியத் தள்ளிக்கினு போய்டுவான்."

மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மச்சினி சிரித்தாள். நான் பெற்ற மகள் சிரித்தாள். என் மனைவியும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சாம்பாரைக் கிளறினாள். இலையில் விட்ட பாயசம் எனக்கு விளக்கெண்ணெயாக இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வார்த்தையை இவன் தன் வாயாலேயே திரும்ப விழுங்க வேண்டும், இதே ஆட்களுக்கு முன்னால் விழுங்க வேண்டும் என்று மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கருவினேன்.

அதற்கு என்ன வழி? புதுசு வாங்கிவிடலாம். வாங்கினால் அவனை ஜெயிக்கலாம். ஆனால் ஜெயித்தாலும் அவன், "நான் அன்னிக்கே சொன்னேன்ல, அது காயலான் கடை கேஸுன்னு" என்பான். அவன் சொல் பலித்ததாகிவிடும். சரி, பழசையே வைத்துக்கொள்ளலாம் என்றால் ஞாயிறுதோறும் தோற்க வேண்டும். இருக்கிற ஒரே நடுவழி, உள்ளே ஒன்றிரண்டு பாகங்களை மட்டும் மாற்றி, அதே பழைய பெட்டியை வைத்து அவனை மண்ணைக் கவ்வ வைப்பது. பழி வாங்குவதென்றால் அதே பெட்டியால் வாங்க வேண்டும். மற்றவர்கள் இப்படிப்பட்ட முடிவுகளை விலை பார்த்து எடுப்பார்கள். நான் வன்மம் பார்த்து எடுத்தேன்.

ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கார்டு மட்டும் மாத்தினா ப்ராசஸர் ஈடு குடுக்காது சார். ப்ராசஸர் மாத்தினா போர்டு மாத்தணும். போர்டு மாத்தினா ரேமும் மாத்தணும்."

"அப்ப பழசுல என்னதான் மிஞ்சும்?"

"கேபினெட் மிஞ்சும் சார்."

வெறும் தகரப் பெட்டியை மிச்சம் வைத்துக்கொண்டு அதைப் பழைய கம்ப்யூட்டர் என்று சொன்னால் என் சகலை காது கொடுத்துக் கேட்பானா? அடுத்த கடைக்காரர் நேர்மாறாகச் சொன்னார். படம் காட்டுகிற கார்டு ஒன்றை மட்டும் நல்லதாகப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் தாராளமாக ஓடும், உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து இதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தேன். மாற்றலாமா, வாங்கலாமா, வாங்கலாமா, மாற்றலாமா. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போனப்பகூட நீங்க இவ்ளோ யோசிக்கல."

போட்டோ எடுப்பதற்காகச் சனிக்கிழமை காலையில் பெட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போய்ப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். கழற்றியதும் வாசனை வந்தது. சந்தன வாசனை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். ப்ராசஸரின் சூட்டைத் தணிப்பதற்காக அலுமினியத் தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தத் தகடுகளின் இடைவெளி முழுக்க விபூதி. தூசியும் விபூதியும் சேர்ந்து பூசி மெழுகினாற்போல அடைத்திருந்தது, ஒரு ஊசி போக இடமில்லை. பெட்டியைத் திருப்பி முன்பக்கம் பார்த்தேன். காற்று உள்ளே போவதற்கான சல்லடை அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் விரல் அகலத்தில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம், காய்ந்து வெடித்துப்போய் அப்படியே இருந்தன. தினமும் பார்க்கிற பட்டைதான். அன்றைக்குத்தான் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தேன்.

போன வருஷ ஆயுத பூஜை ஞாபகத்துக்கு வந்தது. மாமியார் போன பிறகு மாமனார் பண்டிகைகளை இரண்டு பெண்கள் வீட்டிலும் முறை வைத்துக் கொண்டாடுகிறார். போன வருஷம் எங்கள் முறை. பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தபோது சகலை துள்ளி எழுந்தான்.

"நீங்க உக்காருங்க சகலை. உங்க ஆயுதத்துக்கு நான் அலங்காரம் பண்றேன்."

பரவாயில்லை, மரியாதை தெரிந்தவன் என்று நானும் உருகிப்போனேன். அவன் சந்தனத் தண்ணீரில் விபூதியைத் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்தான். முன்பக்கச் சல்லடையில் மூன்று பட்டை இழுத்தான். பெட்டியின் உச்சியில் சூடு வெளியே போகிற இன்னொரு சல்லடை உண்டு. "உச்சிக்கு அபிஷேகம்" என்று சொல்லி அதன்மேல் ஒரு கை விபூதியை அள்ளிப் போட்டான். என் மகள் கைதட்டினாள். "சின்ன மாப்ளைக்கு பக்தியப் பாரு" என்றார் மாமனார். மறுநாள் விஜயதசமி, நல்ல நாளில் ஆரம்பிக்கலாம் என்று நானே பயபக்தியோடு சுவிட்சைப் போட்டேன். பட்டையை யாரும் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? அது தானாக உதிர்ந்தால்தான் உண்டு. இது வெளியே உதிரவில்லை, உள்ளே உதிர்ந்தது.

கம்ப்யூட்டரிலேயே காலம் தள்ளுகிறவனுக்குக் காற்று எந்த வழியாகப் போகும் என்று தெரியாதா? அவன் என் பெட்டிக்குப் பட்டை போடவில்லை, எனக்குப் பட்டை நாமம் போட்டிருக்கிறான். நான் அதை ஒரு வருஷமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நம்பவில்லை.

"சும்மா பழி போடாதீங்க. பக்தியில பண்ணியிருப்பார். அவருக்கு மட்டும் என்ன தெரியும்?"

"தெரியும். நல்லாவே தெரியும்."

"தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

திங்கட்கிழமை பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே லேத்தைச் சுத்தம் செய்யக் கம்ப்ரஸர் இருக்கிறது. காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு வந்த லேத்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, உள்ள இவ்ளோ துண்ணூறு கீது? பழனிக்குப் போய் மொட்ட போட்டுக்கினு வந்துச்சா?"

காற்றை அடித்ததும் பட்டறை முழுக்க வெள்ளைப் புகை எழுந்தது. எண்ணெய்க் கறையோடு நின்ற எல்லோர் தலையிலும் விபூதி. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து வருகிற ஒவ்வொரு துகளையும் சகலையின் பெயரில் வரவு வைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி சுத்தமானது. ஃபேன் அலறவில்லை, படம் விக்கவில்லை. அதற்காக அது இளமை திரும்பிவிட்ட பெட்டியும் இல்லை. இப்போதைய விளையாட்டுகளுக்கு அந்தப் பழைய கார்டு போதாது. எல்லாவற்றையும் குறைத்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும், ஓரத்து மரங்களெல்லாம் பச்சைக் கோலப்பொடியைக் கொட்டிவைத்தது போலத் தெரியும். கார்டை மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் ஓடியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து வந்த ஞாயிறுகளில் நாலாவது சுற்றில் நானே வேண்டுமென்று காரை நிறுத்தி, வழிவிட்டுத் தோற்றேன். "காயலான் கடை, காயலான் கடை" என்று காதுக்குள் அவன் பாடினான். பாடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார்.

நவராத்திரி வந்தது. அடையாறில் மச்சினி வீட்டில் கொலு. நாங்கள் போயிருந்தோம். பெண்கள் கூடத்தில் பாட, சகலை என்னைத் தன் அறைக்கு இழுத்துப் போனான், அவனுடைய கம்ப்யூட்டரைக் காட்டுவதற்காக. இரண்டு பக்கமும் கண்ணாடி, உள்ளே கல்யாண மண்டபத்துச் சீரியல் செட் மாதிரி கலர் கலராக விளக்கு. சமீபத்தில் அதற்கு இன்னும் புதிய கார்டு போட்டிருந்தான். கழற்றிய பழைய கார்டைத் தூக்கிப்போடாமல், கண்ணாடி அலமாரியில் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் அழகுக்கு நிறுத்தியிருந்தான்.

"பாருங்க சகலை, நான் வேணாம்னு தூக்கிப்போட்டதே உங்க பெட்டிக்கு அதிகம்."

உண்மைதான். ரிச்சி தெருவில் நான் ஏக்கத்தோடு கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த கார்டைவிட அது நல்ல கார்டு. வயிறு எரிந்தது. கண்ணை அதிலிருந்து பிடுங்கி அவன் பெட்டியின் பக்கம் திருப்பினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் கடுகளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். முன்பக்கச் சல்லடையிலும் உச்சிச் சல்லடையிலும் ஒரு துளி இல்லை. துடைத்து வைத்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருந்தன. காற்று போகாத இடமாகப் பார்த்துத் தன் பெட்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறான்.

வாய்வரைக்கும் வந்த கேள்வியைச் சுண்டலோடு சேர்த்து மென்று விழுங்கினேன். இங்கே, இரண்டு பேர் மட்டும் இருக்கிற அறையில் கேட்டு என்ன பிரயோஜனம்? அடையாறு பாலத்தில் ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து மனைவி, "என்ன தானா சிரிச்சிக்கிட்டு வர்றீங்க?" என்றாள். சுண்டல் நன்றாக இருந்தது என்றேன்.

இந்த வருஷ ஆயுத பூஜை அடையாறு முறை. நான் முந்தின நாளே மாட வீதிக்குப் போய், மாவு மாதிரி மெல்லிய விபூதியாகக் கேட்டு ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். பூஜைக்கு மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மச்சினி, என் மனைவி, மகள் எல்லோரும் இருந்தார்கள். சகலையின் கம்ப்யூட்டர் அணைக்கப்பட்டு, கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பலகைமேல் மாலையோடு இருந்தது. அவன் குங்குமச் சிமிழை எடுக்கும் முன் நான் தட்டை எடுத்துக்கொண்டேன்.

"நீங்க உக்காருங்க சகலை. போன வருஷம் என் ஆயுதத்துக்கு நீங்க பண்ணீங்க. இந்த வருஷம் உங்களுதுக்கு நான். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எதுக்கு சகலை உங்களுக்கு சிரமம்..."

"சிரமமா? பாக்கியம்."

"நியாயந்தானே" என்றார் மாமனார். "மூத்த மாப்ள கையால நடக்கட்டும்."

நான் நிதானமாகச் சந்தனத் தண்ணீரை ஊற்றி விபூதியைக் குழைத்தேன். தோசை மாவுப் பதம். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கண்ணாடியில சின்னதா ஒரு பொட்டு போதும் சகலை" என்றான். நான் காதில் வாங்காமல் மூன்று விரலையும் முக்கி எடுத்து முன்பக்கச் சல்லடைக்குக் கொண்டுபோனேன். அவன் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, அங்க வேணாம்! அது காத்து இழுக்கிற எடம் சகலை! உள்ள போய் அப்பிக்கும், சூடாயி நின்னு நின்னு போவும்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. என் மணிக்கட்டை மெல்ல விட்டான். நான் அவசரப்படவில்லை. இத்தனை ஞாயிறு வேண்டுமென்றே தோற்றுக் காத்திருந்தவனுக்கு என்ன அவசரம்.

"அப்படியா சகலை? அங்க வெச்சா அடைச்சுக்குமா? எனக்குத் தெரியவே தெரியாதே. போன வருஷம் எங்க வீட்ல வெச்சப்ப உங்களுக்குத் தெரியாதா?"

மச்சினி தன் புருஷனைப் பார்த்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படி மெச்சிப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. என் மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதனாலதான் அப்பா கம்ப்யூட்டர் நின்னு நின்னு போச்சா சித்தப்பா?"

"இல்லம்மா... சும்மா வெளையாட்டுக்கு பண்ணேன் மாமா. இவ்ளோ ஆவும்னு நெனைக்கல."

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "காயலான் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்னு நீங்கதானே மாப்ள சொன்னீங்க? நானும் பல்லக் காட்டிட்டு சிரிச்சேனே."

"தப்புதான் மாமா."

"என்கிட்ட எதுக்கு சொல்றீங்க?"

அவன் என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தை நான் ஆற அமர அனுபவித்தேன். கூச்சமே இல்லாமல் சொல்கிறேன், எந்தப் பந்தயத்தில் ஜெயித்தபோதும் எனக்கு அந்த ருசி கிடைத்ததில்லை.

"தப்பு சகலை. அந்த வார்த்தை வாபஸ்."

"எந்த வார்த்தை?"

"காயலான் கடை."

"பரவால்ல சகலை, விளையாட்டுதானே. நானும் விளையாட்டுக்கு ஒண்ணு கேக்கறேன். உள்ள அலமாரியில தலையாட்டி பொம்மை பக்கத்துல ஒரு கார்டு சும்மா நிக்குது. நீங்க வேணாம்னு தூக்கிப்போட்டதே என் பெட்டிக்கு அதிகம்னு சொன்னீங்களே."

அவன் வாயைத் திறப்பதற்குள் மச்சினி உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், நடுவில் அந்தக் கார்டு. சீர் கொடுப்பது போல என் முன்னால் நீட்டினாள். "எடுத்துக்கோங்க மாமா" என்றாள். மாற்றுவதா, புதுசு வாங்குவதா என்று மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்த கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. அதே பெட்டிதான், கார்டு மட்டும் அவனுடையது. இனி அவனை நான் அவன் கார்டாலேயே அடிக்கலாம். கல்யாணத்தில்கூட நான் இவ்வளவு சந்தோஷமாகத் தாம்பாளம் வாங்கியதில்லை.

"சரி, போதும் விடுங்க" என்றார் மாமனார். "நல்ல நாளும் அதுவுமா மனஸ்தாபம் வேணாம். சின்ன மாப்ள, பெரியவர் கையால விபூதி வாங்கிக்கோங்க."

அவன் என் முன்னால் வந்து குனிந்தான். தட்டில் குழைக்காத விபூதி நிறைய மிச்சம் இருந்தது. மூன்று விரலால் அள்ளி அவன் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டை போட்டேன். ஒருவர் நெற்றியில் விபூதி பூசும்போது, அது கண்ணில் கொட்டாமல் இருக்க இன்னொரு கையைக் கண்ணுக்கு மறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் என் இன்னொரு கையில் கார்டு இருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை.